வாவிக்கரையில் ஒரு வெந்நீர்த் தாங்கி

பழுதான ஹீட்டரைப் பார்க்க வருகிறவர் தொழில் தெரிந்தவராக இருந்தால், ஸ்பனரை எடுக்கும் முன்பே ஒன்றைக் கேட்பார்: "வீட்டில என்ன தண்ணி அண்ண பாவிக்கிற, கிணறா, பைப்பா?" மட்டக்களப்பின் எழுவான்கரையில் அதற்கு வரும் பதிலை வைத்தே பலவற்றைச் சொல்லிவிடலாம். தாங்கி ஏன் ஓட்டையானது, புதிதாக வாங்கினால் எத்தனை மாரிக்கு உழைக்கும், அதை வீட்டுக்காரரே மாற்றலாமா என்ற கேள்விகள் எல்லாம் தண்ணீரில் போய்த்தான் முடிகின்றன. உத்தரவாதச் சீட்டுகள் பலவற்றின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும்: உவர்நீரால் வரும் சேதம் இதில் அடங்காது. இந்தக் கரையில் வாழ்கிறவருக்கு அந்தச் சீட்டில் மிக முக்கியமான வரி அதுதான்.

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. வாவிக்கு மேற்கே வயலும் குளமுமான படுவான்கரை. கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில், கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் தோளோடு தோள் உரசி நிற்கும் மணல் பட்டியான எழுவான்கரை. அந்தப் பட்டியின் இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். ஆனாலும் நடுவில் கிணறு தோண்டினால் நல்ல தண்ணீர் வருகிறது. தலைமுறை தலைமுறையாக அதைக் குடித்துத்தான் இந்த ஊர்கள் வளர்ந்தன.

மாரியில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் பாலின் மேல் ஆடைபோலப் படிந்து நிற்கிறது. நன்னீர் எடை குறைந்தது, உப்புநீர் எடை கூடியது. அந்தச் சிறிய வித்தியாசம்தான் கிணறுகளைக் காக்கிறது. நெதர்லாந்தின் படோன் கைபன் 1880களின் கடைசியிலும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே கண்டு சொன்ன கணக்கு இது: நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் இருந்தால், கீழே சுமார் 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கலாம். கணக்கின் மறுபக்கம் கவலை தருவது. மேலே 10 சென்ரிமீற்றர் இறங்கினால், கீழிருந்து உப்பு 4 மீற்றர் ஏறி வரப் பார்க்கும். துலாவும் வாளியும் இருந்த காலத்தில் ஒரு வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்பதை மனிதத் தோள் தீர்மானித்தது. மோட்டர் வந்த பிறகு சுவிட்ச் தீர்மானிக்கிறது. காத்தான்குடி போல வீடுகள் நெருங்கிய ஊரில், ஒரே சிறிய நிலப்பரப்பில் எத்தனையோ மோட்டர்கள் ஒரே நன்னீர்ப் படுகையை உறிஞ்சுகின்றன.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரை இதைக் கசப்பாகவே கற்றுக்கொண்டது. சுனாமி அலை கிணறுகளை உப்பாலும் சேற்றாலும் நிரப்பிவிட்டுப் போனது. உதவிக்கு வந்தவர்களும் வீட்டுக்காரர்களும் பம்ப் வைத்து இறைத்தார்கள். உப்புக் கரித்தது, மறுபடியும் இறைத்தார்கள். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளைத் தொடர்ந்து அளந்து சொன்ன முடிவு வேறாக இருந்தது. கிணற்றைத் துப்புரவாக்க அளவோடு இறைப்பது சரி. திரும்பத் திரும்ப இறைத்தால் உப்பு கீழிருந்து மேலே வரும். உவரைக் கழுவி இறக்கும் வலிமை மழைக்குத்தான் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்த வேலை கிணற்றை இன்னும் கெடுத்திருக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்வது அந்த நாட்களில் யாருக்கும் எளிதாக இருந்திருக்காது.

இனி அந்தத் தண்ணீர் ஒரு வெந்நீர்த் தாங்கிக்குள் போகும்போது நடப்பதைப் பார்க்கலாம்.

கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைட்டு இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் நூற்றில் ஒரு பங்கு கடல் கலந்தாலே குளோரைட்டு 190 மில்லிகிராம் கூடிவிடும். நாக்கு அதை இன்னும் உணர்ந்திருக்காது, ஏனென்றால் 250ஐத் தாண்டும்போதுதான் பலருக்கும் உப்புச் சுவை பிடிபடும். ஆனால் ஒருவகைத் தாங்கிகளைச் செய்யும் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 200 அளவிலேயே ஆபத்து தொடங்குகிறது, அதுவும் சூடான தண்ணீரில். உருக்கு முழுவதும் ஒரேயடியாகத் தேயாது. வெல்டிங் ஓரத்தில் ஊசிமுனையளவு ஓர் இடத்தைக் குளோரைட்டு பிடித்துக்கொண்டு அங்கேயே குடைந்து போகும். வெளியே பளபளவென்று இருக்கும் தாங்கி ஒரு காலையில் சொட்டத் தொடங்குவது இதனால்தான். குடிக்க நல்லது என்று வீட்டார் நம்பும் தண்ணீர், தாங்கிக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்றில்லை.

மற்ற வகைத் தாங்கியின் உள்ளே கண்ணாடிப் பூச்சு. சாதாரண உருக்கின் மேல் கண்ணாடியை உருக்கிப் பூசும் முறையை அமெரிக்காவின் ஏ.ஓ. ஸ்மித் கம்பனி 1936இல் வெந்நீர்த் தாங்கிகளுக்குக் கொண்டுவந்தது. கண்ணாடியை உப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் எந்தப் பூச்சிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும், அதற்குள் உருக்கு தண்ணீரைத் தொடும். அதற்காகத்தான் உள்ளே ஒரு மக்னீசியத் தண்டு தொங்குகிறது. கடைக்காரர் அதை "ஆனோட்" என்பார். பல வீடுகளில் அப்படியொன்று உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது.

அந்தத் தண்டின் கதை 1824இல் தொடங்குகிறது. பிரித்தானியக் கடற்படையின் மரக்கப்பல்களுக்கு அடியில் அடித்திருந்த செப்புத்தகடு கடல்நீரில் அரிபட்டுக்கொண்டிருந்தது. இரசாயனவியலாளர் ஹம்ப்ரி டேவி அந்தச் செப்போடு சிறு இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். அரிப்பு செம்பை விட்டு அந்தத் துண்டுகளுக்கு மாறிவிட்டது. பரிசோதனை வெற்றி, கப்பல்களில் தோல்வி. கரையாத செம்பின்மேல் சிப்பிகளும் பாசியும் அச்சமின்றிக் குடியேறின. அதுவரை கப்பலின் அடியைத் துப்புரவாக வைத்திருந்தது மெல்லக் கரைந்து வந்த செம்பின் நஞ்சுதான் என்பது அப்போதுதான் விளங்கியது. டேவி மனமுடைந்தார் என்றாலும் அவர் கண்ட கொள்கை பிழைத்துக்கொண்டது. இன்று அது குழாய்களைக் காக்கிறது, பாலத்தூண்களைக் காக்கிறது, களுவாஞ்சிகுடியில் ஒரு குளியலறைத் தாங்கியையும் காக்கிறது. மக்னீசியம் தான் கரைந்து உருக்கை விட்டுவைக்கிறது. மலைநாட்டு ஊற்றுத்தண்ணீரில் அது பல ஆண்டு நிற்கக்கூடும். உப்புள்ள தண்ணீரில் மின்னோட்டம் எளிதாகப் பாய்வதால் வேகமாகக் கரையும். ஓராண்டிலேயே நடுக்கம்பி மட்டும் மிஞ்சலாம். அதன் பிறகு கரைவது தாங்கிதான். இந்தக் கரையில் குப்பைக்குப் போன தாங்கிகளில் எத்தனையோ, உரிய நேரத்தில் ஒரு தண்டை மாற்றியிருந்தால் சுவரிலேயே இருந்திருக்கும்.

உப்பு இரும்பை என்ன செய்யும் என்பதை மட்டக்களப்பார் தாங்கியில்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. 1924இல் கட்டப்பட்டு ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரைத் தாங்கிய கல்லடி இரும்புப் பாலம், வாவியின் உவர்க்காற்றில் கறளோடு போராடியபடி ஏறக்குறைய 90 ஆண்டு வாகனங்களைச் சுமந்தது. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் திறக்கப்பட்ட பிறகுதான் அதற்கு ஓய்வு கிடைத்தது.

இத்தனை வெக்கையான ஊருக்கு வெந்நீர் எதற்கு என்று கேட்கிறவர்கள் மார்கழி வாடையில் இங்கே ஓர் இரவு தங்கியிருக்க மாட்டார்கள். ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது கூரைமேல் தாங்கியிலிருந்து வரும் தண்ணீரே கை பொறுக்காது. மாரியிலோ நாள்கணக்கில் வெயில் முகம் தெரியாது. முதியவரின் முழங்காலும் ஈளை நோயாளியின் நெஞ்சும் அந்தக் குளிரை முதலில் அறியும். பிள்ளை பெற்ற வீட்டில் நொச்சி இலை அவித்த தண்ணீருக்கு விறகடுப்பில் பெரிய பானை ஏறிய காலம் போய்விடவில்லை. ஆனால் பானையை அடுப்பிலிருந்து குளியலறைக்குத் தூக்கிப் போவதில் எத்தனை பெண்களின் கால் வெந்திருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஹீட்டரை ஆடம்பரம் என்று ஒதுக்குகிறவர்கள் அந்தப் பானையைத் தூக்கியவர்களாக இருக்க மாட்டார்கள்.

செலவுக் கணக்கும் பயப்படும் அளவுக்கு இல்லை. 15 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 45 பாகைக்குக் கொண்டுவர ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. 1,500 வாற் ஹீட்டர் அதைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிடும். நிலம் இலவசமாகவே செய்து தருகிற இடமும் தொலைவில் இல்லை: செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் போனால் மகாஓயா வெந்நீர்க் கிணறுகள். ஆழத்தில் இறங்கிய மழைநீர், பாறைப் பிளவுகள் வழியே சூடேறி 50 பாகைக்கு மேலான வெப்பத்தோடு அங்கே திரும்பி வருகிறது.

தாங்கியை வீட்டுக்காரரே மாற்றலாமா? குழாய் வேலையைப் பெரும்பாலும் செய்யலாம். மின் வேலையைச் செய்யக் கூடாது. இந்த எல்லையை நேர்மையாக வரைந்துகொண்டால் மிச்சம் பொறுமையும் கவனமும்தான். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தி, டெஸ்டரால் உறுதிசெய்து, வயரைக் கழற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விட வேண்டும். பிறகு உள்வரும் குழாயின் வால்வை மூடி, சூட்டுக் குழாயைத் திறந்து, தாங்கியை அடியால் வடித்தால் வெளியே வருவது வெறும் தண்ணீராக இருக்காது. செங்கறள் நிறத்தில் சேறு வந்தால் தாங்கி உள்ளே கரைந்திருக்கிறது. வெள்ளைத் துகள் வந்தால் சுண்ணாம்பும் கரைந்த மக்னீசியமும் கலந்திருக்கலாம். ஒரு வீட்டின் தண்ணீரைப் பற்றி ஆய்வுகூட அறிக்கைக்கு முன்னால் கிடைக்கும் முதல் சாட்சியம் அந்த வாளியில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் கொட்டுவது பெரிய இழப்பு.

அடுத்தது சுவர். 30 லீற்றர்த் தாங்கி நிறைந்தால் 45 கிலோவைத் தொடும். சுனாமிக்கும் போருக்கும் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் பல, சீமெந்துக் கல் சுவர்கள். உள்ளே பொள்ளலான கல்லில் விரியும் ஆணி பிடிக்காது. பழைய ஆணித்துளையிலேயே புதிய தாங்கியை மாட்டுவது எளிது என்று தோன்றும். குழந்தைகள் குளிக்கும் இடத்தின் மேல் அந்த எளிமைக்கு இடம் கொடுக்கக் கூடாது. பொள்ளலைச் சாந்தால் அடைத்து ஆறவிட்டோ, சுவரின் மறுபக்கத்தில் தகடு வைத்து ஊடுருவி ஆணி பூட்டியோ நிறுத்த வேண்டும்.

குழாயில் ஒரு தவறு ஊர் முழுக்க நடக்கிறது. குளிர்ந்த தண்ணீருக்கான சாதாரண பீவீசீ குழாயையே ஹீட்டரின் வெளிவாய்க்கும் பூட்டிவிடுகிறார்கள். 60 பாகையில் அது இளகும், மூட்டு விலகும். வெந்நீருக்கென்று சீபீவீசீ குழாயும் பீபீஆர் குழாயும் கடையில் இருக்கின்றன. விலை கூட என்றாலும் தேவைப்படுவது ஒன்றிரண்டு மீற்றர்தான்.

குளிர்நீர் உள்வாயில் வரும் சிறிய பாதுகாப்பு வால்வைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். 15 லீற்றர் தண்ணீர் 65 பாகைக்குச் சூடேறும்போது ஏறக்குறைய கால் லீற்றர் விரிகிறது. அந்தக் கால் லீற்றருக்குப் போக்கிடம் வேண்டும். வால்வு சொட்டுவது அதன் கடமை. சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிடுகிற வீடுகள் உண்டு. தேமோஸ்டாட்டும் பழுதாகி, வால்வும் அடைபட்டிருந்தால், மூடிய பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் நீராகவே நிற்கும். தாங்கி பிளந்த கணத்தில் அதன் ஒரு பகுதி ஆயிரத்து அறுநூறு மடங்கு இடம் கேட்கும் ஆவியாகிவிடும். வால்வின் வாயில் ஒரு குழாயை இணைத்து, கீழே பார்க்கும்படி, திறந்தபடியே விட்டால் போதும். எல்லாம் பூட்டிய பின், சூட்டுக் குழாயில் காற்று நின்று தண்ணீர் சீராக ஓடும்வரை சுவிட்சைத் தொடவே கூடாது. வெறும் தாங்கியில் கரண்ட் போனால் கொதிகம்பி சில நொடியில் எரிந்துவிடும்.

இனி, உயிர் போகும் விஷயம். இலங்கையில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஏர்த் கம்பியை ஒவ்வொரு வீடும் தன் வளவிலேயே மண்ணில் இறக்கிக்கொள்கிறது. அப்படியானால் எந்த மண்ணில்? காய்ந்த மணலின் மின்தடை ஆயிரம் ஓம்-மீற்றரையும் தாண்டும். உவர் ஊறிய ஈரமணலில் அது பத்துக்கும் கீழே இறங்கலாம். ஒரே வளவில், ஒரே கம்பி, தையில் நல்ல ஏர்த்தாகவும் ஆவணியில் பெயருக்கு ஏர்த்தாகவும் இருக்க முடியும். கம்பி காய்ந்த மணலைத் தாண்டி, கோடையிலும் ஈரம் வற்றாத அடுக்கை எட்டியிருக்க வேண்டும். ஏர்த்தின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொண்டால், கொதிகம்பி வெடித்து தாங்கியின் உடலுக்குக் கரண்ட் பாயும்போது மண்ணுக்குள் போவது வெறும் 2.3 அம்பியர். 15 அம்பியர் பியூஸ் அதைக் கண்டுகொள்ளாது. தாங்கியும் ஷவரும் கரண்டோடு காத்திருக்கும். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் மட்டுமே அந்த இடத்தில் மனிதனைக் காக்கும். அதில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அது சுவிட்சை மட்டுமே சோதிக்கிறது. ஏர்த் கம்பி மண்ணோடு ஒட்டியிருக்கிறதா என்பதை அளவுகருவியோடு வருகிறவரே சொல்ல முடியும்.

உடனடி ஷவர் ஹீட்டர் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. 3,500 வாற் கருவி 15 அம்பியருக்கு மேல் இழுக்கும். 13 அம்பியர்ப் பிளக்கில் அதைச் செருகுவது தீக்கு வழி. அதற்குத் தனி வயரும் தனி பிரேக்கரும் வேண்டும்.

இவற்றை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? மட்டக்களப்பில் கைத்தொழில் கல்விக்கு ஒரு மரபு இருந்தது, அதைத் தாங்கியவர்களில் ஒருவர் அமெரிக்க இயேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட். லூசியானாவில் பிறந்து 1948இல் இலங்கைக்கு வந்தவர். புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டம் பயிற்றுவித்தவர் என்றே பழைய மாணவர் பலர் அவரை நினைக்கிறார்கள். பின்னர் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தை வழிநடத்தி, இனம் பாராமல் இளைஞர்களுக்குத் தொழில் பழக்கினார். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், ஏறாவூர்ப் பக்கத்தில், அவரும் உடன்வந்த தமிழ் இளைஞரும் காணாமல்போனார்கள். அந்த ஆண்டில் கிழக்கில் காணாமல்போனவர்கள் பலர். ஒரு தொழில்நுட்ப ஆசிரியர் இல்லாமல் போகும்போது, அவர் கையால் பழகியிருக்க வேண்டிய அடுத்த தலைமுறையும் தன் பங்கை இழக்கிறது. படுவான்கரையின் பல கிராமங்கள் போர் முடியும் காலம்வரை மின்சாரமே இல்லாமல் கிடந்தன. மின்கம்பி வந்தபோது அதைக் கையாளும் பழக்கம் அதனோடு சேர்ந்து வரவில்லை.

இந்தக் கல்வி மரபில் கல்லடிக்கும் ஒரு சொத்து உண்டு. 1929இல் அங்கே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய சுவாமி விபுலாநந்தர், துறவியாகும் முன்பு விஞ்ஞான ஆசிரியர், லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்க வேண்டிய அடித்தளத்துக்கு உழைத்தவர். அவர் ஊன்றிய கல்விக்கூடம் நிற்கும் தெருவிலேயே இன்று விற்கப்படும் ஹீட்டர்கள் பலவற்றின் பெட்டிக்குள் தமிழில் ஒரு தாள்கூட இல்லாதிருப்பது வருந்தத்தக்கது. வால்வை அடைக்காதே, வெறும் தாங்கியில் கரண்ட் போடாதே, ஆனோட்டை ஆண்டுக்கொருமுறை பார் என்ற மூன்று எச்சரிக்கைகளை வாங்குகிறவரின் மொழியில் அச்சிட எந்த இறக்குமதியாளருக்கும் பெரிய செலவில்லை. அரசு கட்டாயமாக்க வேண்டிய காரியம் இது.

ஹீட்டரை எவ்வளவு கவனித்தாலும் மின்சாரம் எப்போதும் கைக்கெட்டும் என்றில்லை. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதமும் ஏறியது. அப்போது சுவரில் இருந்த ஹீட்டர்கள் பல அணைந்தே கிடந்தன, விறகு திரும்பி வந்தது. நன்றாக வெயில் அடிக்கும் நாளில் இந்தக் கரையின் கூரையில் சதுர மீற்றருக்கு 5 யூனிட் அளவுக்குச் சூரிய சக்தி விழுகிறது. கறுப்புப் பொலித்தீன் குழாயைச் சுருட்டிக் கூரையில் போட்டு, மேலிருக்கும் தாங்கியோடு இணைத்தால் மாலைக் குளியலுக்கு வெந்நீர் கிடைத்துவிடும். பொலித்தீனை உப்பும் தின்னாது. மாரியின் மூடிய நாட்களுக்கு அது உதவாது என்பது உண்மை. அந்த நாட்களுக்குத்தான் மின்ஹீட்டர் வேண்டும். ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டும் வேலை செய்யும் தாங்கி, மற்ற மாதங்களில் நிரம்பியபடியே நின்று உள்ளே அரிபட்டுக்கொண்டிருப்பது பலரும் கவனிக்காத செய்தி. பாவிக்காத காலத்திலும் ஆனோட் கரைகிறது.

உன்னிச்சைக் குளத்திலிருந்து சுத்திகரித்து வரும் பைப் தண்ணீர் எட்டியிருக்கும் வீடுகள் ஹீட்டரை அந்த இணைப்புக்கு மாற்றிக்கொள்வது நல்லது. உப்பு குறையும், தாங்கிக்கு ஆயுள் கூடும். கிணற்றையே நம்பியிருக்கும் வீடுகளில் ஆனோட்டைக் கழற்றிப் பார்க்க ஏற்ற மாதம் புரட்டாதி. நீர்மட்டம் அடியில் இருக்கும், உவர் உச்சத்தில் இருக்கும், மாரிக் குளிர் தொடங்க இன்னும் சில வாரம் இருக்கும். ஏர்த் கம்பியை அளக்கவும் அதே மாதம்தான் சரி, ஏனென்றால் மணல் முழுக்கக் காய்ந்திருக்கும்போது வரும் எண்ணைத்தான் நம்பலாம். அந்த எண்ணையும் ஆனோட் மாற்றிய திகதியையும் அழியாத மையால் தாங்கியின் உடலிலேயே எழுதிவைத்தால், அடுத்த புரட்டாதியில் வீட்டில் யார் பார்த்தாலும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.